ஆறு லென்ஸ் கேமரா வடிவமைப்பை "துறை தெரிந்த எவருக்கும் தோன்றும்" என்று காப்புரிமைப் பரிசோதகர் மறுத்தால் என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பினாங்கில் உங்கள் குழு ஒரு சின்னக் கேமராவுக்கு ஆறு லென்ஸ் அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. ஐந்து லென்ஸ் உள்ள பழைய ஆவணம் ஒன்றையும், சென்சாருக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு லென்ஸ் வைக்கும் இன்னோர் ஆவணத்தையும் சேர்த்துக் காட்டி, இன்வென்டிவ் ஸ்டெப் (துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத புதுப் படி) இல்லை என்று பரிசோதகர் அறிக்கை அனுப்பிவிட்டார். "தனித்தனியாகப் பார்த்தால் எல்லா லென்ஸும் பழசுதானே, அப்படியானால் லென்ஸ் வடிவமைப்புக்குக் காப்புரிமையே கிடைக்காதா?" என்று கேட்கிறீர்கள். விண்ணப்பத்தைப் பயன்பாட்டுப் புத்தாக்கமாக மாற்றிவிடலாமா என்றும் கேட்கிறீர்கள்.

கிடைக்கும். நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சில காலம் லென்ஸ் வடிவமைத்துவிட்டு, இப்போது கோலாலம்பூரில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதும் வேலையில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "லென்ஸ் வடிவமைப்பு மிகச் சிக்கலானது, எளிதில் வராது" என்று மூன்று பக்கம் எழுதினால் பரிசோதகர் அசைய மாட்டார். அவர் காட்டிய பழைய லென்ஸையே மென்பொருளில் போட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று எண்களில் காட்டினால் அசைவார்.

முதலில் சட்டம். மலேசியாவின் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 15வது பிரிவு கேட்பது ஒன்றே ஒன்று: ஏற்கெனவே வெளியானவற்றைப் பார்த்தால், அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்கு இது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்களுக்கு முன்பே மலேசியாவில் தாக்கல் ஆகி, உங்கள் தேதிக்குப் பிறகு வெளியான விண்ணப்பத்தைப் புதுமை இல்லை என்று சொல்லப் பயன்படுத்தலாம். இன்வென்டிவ் ஸ்டெப் இல்லை என்று சொல்லப் பயன்படுத்த முடியாது. ஆகவே அறிக்கையில் உள்ள ஒவ்வோர் ஆவணமும் வெளியான தேதியைப் பாருங்கள். அதுவே சில நேரம் பாதி வேலையை முடித்துவிடும்.

அப்புறம், உங்கள் கிளைமில் (எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதி) இருக்கும் நிபந்தனைச் சமன்பாடுகளை நீங்களே கொஞ்சம் கடுமையாகச் சோதியுங்கள். "0.8 < f1/f < 1.1" என்று (f1 முதல் லென்ஸின் குவியத் தூரம், f மொத்த அமைப்பினுடையது) எழுதிவிட்டு, "இந்த விகிதத்தைப் பழைய ஆவணம் எங்குமே சொல்லவில்லை" என்று வாதாடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சொல்ல வேண்டிய தேவையே இல்லை, லென்ஸ்களின் அளவுகளை எல்லாம் தரும் அட்டவணை அந்த ஆவணத்தில் இருக்கிறது. உதாரணத்துக்கு, பழைய அட்டவணையில் முதல் லென்ஸின் வளைவு ஆரங்கள் 1.6 மி.மீ., 8 மி.மீ.; ஒளிவிலகல் எண் 1.53, மொத்த அமைப்பின் குவியத் தூரம் 4.0 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடிமனை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் (1.53 − 1) × (1/1.6 − 1/8), அதாவது 0.53 × (0.625 − 0.125) = 0.265. அதன் தலைகீழ் 3.77 மி.மீ., அதுதான் f1. அதை 4.0ஆல் வகுத்தால் 0.94. உங்கள் வரம்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பரிசோதகருக்கு இதற்குக் கால்குலேட்டர் போதும்.

பொருள் தேர்வை வைத்து எழுதும் நிபந்தனைகளும் அப்படியே. குழி லென்ஸின் பொருள் குவி லென்ஸின் பொருளைவிட அதிகமாக நிறம் பிரிக்க வேண்டும் என்பது 1758இல் டாலண்ட் நிறப்பிறழ்ச்சி நீக்கிய லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். பிளாஸ்டிக் லென்ஸ் வார்ப்பவர்களிடம் இருக்கும் பொருள்களோ கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. சைக்ளோ ஒலிஃபின் வகைக்கு அபே எண் (அது குறையக் குறைய நிறம் அதிகம் பிரியும்) ஏறக்குறைய 56, பாலிகார்பனேட்டுக்கு 30. வித்தியாசம் 26. ஆகவே "20 < V1 − V2 < 40" (V என்பது அபே எண்) என்ற நிபந்தனை உங்கள் கண்டுபிடிப்பைக் காட்டவில்லை, கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக்கைத்தான் காட்டுகிறது. அதன்மீது வாதத்தைக் கட்டாதீர்கள்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். "இரண்டு ஆவணத்தையும் சேர்த்துவிட்டு, மீதியை மென்பொருளில் ஆப்டிமைஸ் செய்தால் உங்கள் லென்ஸ் வரும், அது வழக்கமான வேலை" என்பார் பரிசோதகர். இந்த வாதம் பாதி உண்மை, அதனால்தான் பலமானது. இன்று சாதாரணத் திறமை உள்ள லென்ஸ் வடிவமைப்பாளர் என்றால் அவர் கையில் ஸீமாக்ஸோ கோட்-வியோ மாதிரி லென்ஸ் வடிவமைப்பு மென்பொருள் இருக்கத்தான் செய்யும். வளைவு ஆரம், இடைவெளி, ஆஸ்ஃபெரிக் குணகங்கள் (கோள வடிவிலிருந்து பரப்பு விலகுவதைச் சொல்லும் எண்கள்) எல்லாவற்றையும் மாறிகளாக விட்டு ஓடவிடுவது அவருடைய அன்றாட வேலை.

ஆனால் அந்த மென்பொருள் எப்படி இறங்குகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. பினாங்கு மலை உச்சியில் கிழக்குச் சரிவில் விழுந்த மழை ஆயர் ஈத்தாம் பக்கம்தான் இறங்கும். மேடேறிக் கடந்து மேற்கே பாலிக் புலாவ் பக்கம் போகாது. மென்பொருளின் வழக்கமான ஆப்டிமைஸும் அப்படித்தான்: ஆரம்ப வடிவம் எந்தச் சரிவில் இருக்கிறதோ அந்தப் பள்ளத்தாக்கின் அடிக்கே போகும். ஒளி நுழையும் அளவைக் கட்டுப்படுத்தும் அப்பர்ச்சர் ஸ்டாப்பை இரண்டாவது லென்ஸுக்குப் பின்னால் தள்ளுவது, ஒரு குவி லென்ஸைக் குழியாக்குவது, கூடுதல் லென்ஸை எந்த இடைவெளியில் நுழைப்பது என்பதெல்லாம் சரிவை மாற்றும் முடிவுகள். அவற்றை எடுப்பவர் மனிதர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் லென்ஸ் பழைய லென்ஸ் இருக்கும் அதே பள்ளத்தாக்கிலா, வேறொன்றிலா என்பதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். பரிசோதகர் முதன்மையாகக் காட்டிய ஆவணத்தின் அட்டவணையை அப்படியே உள்ளிடுங்கள். உங்கள் குவியத் தூரத்துக்கு முழு அமைப்பையும் அளவு மாற்றுங்கள் (விகிதங்கள் மாறாது, வெறும் அளவு மாற்றத்துக்கு யாரும் காப்புரிமை தர மாட்டார்கள்). F எண் (குவியத் தூரத்தை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தது), பார்வைக் கோணம், அலைநீளங்கள், சென்சார் மேல் உள்ள கண்ணாடி எல்லாம் உங்களுடையதைப் போலவே வையுங்கள். இரண்டாவது ஆவணம் சொல்லும் இடத்தில், அது சொல்லும் மாதிரியே ஆறாவது லென்ஸைச் சேர்த்து ஓடவிடுங்கள்.

முடிவு உங்கள் கிளைம் வரம்புக்குள் வந்து நின்றால், பரிசோதகர் சொன்னது சரி. கிளைமைக் குறுக்க வேண்டியதுதான். வெளியே நின்றால், அல்லது வரம்புக்குள் வலிந்து தள்ளும்போது ஓரத்துப் படத்தின் எம்.டி.எஃப். (படக் கூர்மையின் அளவு) சரிந்துவிட்டால், அந்தக் கணக்கைக் கையொப்பமிட்ட வாக்குமூலமாக இணையுங்கள். எந்த மெரிட் ஃபங்ஷன் (மென்பொருள் குறைக்கப் பார்க்கும் பிழைக் கணக்கு), எவை மாறிகள், எவை நிலையானவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். எடையை நமக்கு வேண்டியபடி திருகினால் எந்த முடிவையும் வரவழைக்கலாம் என்பது பரிசோதகருக்கும் தெரியும். உங்கள் F2.0 லென்ஸைப் பழைய F2.8 லென்ஸோடு ஒப்பிட்டு "எதிர்பாராத மேம்பாடு" என்று எழுதுவதும் வேலைக்கு ஆகாது. ஒரே நிபந்தனையில் ஒப்பிட்டால்தான் ஒப்பீடு.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். இரண்டாவது ஆவணம் சென்சாருக்கு அருகில் லென்ஸ் வைப்பது எதற்காக? பெரும்பாலும் படத்தளத்தின் வளைவைத் தட்டையாக்க. முதல் ஆவணத்தின் பிறழ்ச்சி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே படத்தளம் ஏற்கெனவே தட்டையாக இருந்தால், அந்தக் கூடுதல் லென்ஸைத் தேடிப்போக வடிவமைப்பாளருக்கு என்ன காரணம்? அதனால் நீளம் கூடும், செலவு கூடும், தீர்க்க வேண்டிய குறையும் இல்லை. சேர்க்க முடியுமா என்பது வேறு, சேர்க்கத் தோன்றியிருக்குமா என்பது வேறு. நம் நீதிமன்றங்களும் பின்பற்றும் 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விண்ட்சர்ஃபிங் தீர்ப்பின் கடைசிக் கேள்வியும் இதுதான்: கண்டுபிடிப்பைப் பற்றி எதுவுமே தெரியாமல் பார்த்தால், அந்த வித்தியாசங்கள் அவருக்குத் தோன்றியிருக்குமா?

பின்னாலிருந்து பார்க்கும்போது எல்லாம் எளிதாகத் தெரியும் என்பதற்கு லென்ஸ் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் உண்டு. டென்னிஸ் டெய்லர் 1893இல் காப்புரிமை கேட்ட குக் டிரிப்லெட்டில் மூன்று லென்ஸ்கள். ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1902இல் கொண்டுவந்த டெஸ்ஸாரைப் பார்த்தால், அந்த மூன்றில் கடைசியை எடுத்துவிட்டு ஒட்டிய இரட்டை லென்ஸை வைத்தது போலவே இருக்கும். ஆனால் ருடால்ஃப் அதை எட்டியது தன்னுடைய முந்தைய புரோட்டார், உனார் லென்ஸ்களின் வழியாக என்றுதான் வரலாறு சொல்கிறது. கண்டுபிடித்தவர் எந்த வழியாக வந்தார் என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை, அது உண்மைதான். இருந்தாலும், வெளித்தோற்ற ஒற்றுமையை வைத்து வரைந்த அம்புக்குறி எவ்வளவு எளிதில் தப்பாகப் போகும் என்பதை இது காட்டுகிறது.

பழைய அட்டவணையை உள்ளிடும்போது படம் கோணல்மாணலாக வந்தால், உடனே உங்கள் தட்டச்சைச் சந்தேகப்படாதீர்கள், ஆவணத்தையும் சந்தேகப்படுங்கள். அமெரிக்காவில் எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இம்மர்விஷன் நிறுவனத்தின் அகலக்கோண லென்ஸ் காப்புரிமையை எதிர்த்தபோது இது நடந்தது. எல்ஜி நம்பியிருந்தது டாடா என்பவரின் பழைய காப்புரிமையில் இருந்த ஓர் அட்டவணையை. இம்மர்விஷன் தரப்பு நிபுணர் அந்த லென்ஸைக் கணினியில் மறுபடி கட்டிப் பார்த்தபோது படம் சிதைந்து வந்தது. தோண்டிப் பார்த்தால், ஆஸ்ஃபெரிக் குணகங்கள் அதே ஆவணத்தின் வேறொரு வடிவத்துக்கு உரியவை. அட்டவணை தயாரிக்கும்போது நகலாகி வந்துவிட்டன. மூலமான ஜப்பானிய விண்ணப்பத்தில் எண்கள் வேறு. துறை தெரிந்தவர் இதைப் பிழை என்று கண்டு ஒதுக்கியிருப்பார் அல்லது திருத்தியிருப்பார், அதனால் அந்தத் தப்பான எண்களை வைத்து "வெளிப்படையானது" என்று சொல்ல முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒரு பகுதியில் மாறுபட்டார். பல மணி நேரம் தோண்டிய பிறகே தெரியவந்த பிழையைப் பார்த்தவுடன் தெரியும் பிழை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வரைபடமும் அட்டவணையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அதைக் கேள்வி கேட்காமல் விடும் வடிவமைப்பாளரை நான் பார்த்ததில்லை. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

கிளைமைத் திருத்தும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாததைப் பிறகு சேர்க்க முடியாது. லென்ஸ் சில மைக்ரான் விலகி ஒட்டப்பட்டாலும் படம் கெடாது என்பது உங்கள் உண்மையான பலமாக இருக்கலாம்; அது விவரக்குறிப்பில் ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். வரம்புகளையும் அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் நாலு வடிவங்களில் f3/f மதிப்பு −1.2 முதல் −1.5 வரைதான் என்றால், −0.5 முதல் −5 வரை கேட்பது பழைய லென்ஸை நீங்களே வீட்டுக்குள் அழைப்பது மாதிரி.

சார்பு கிளைம்களில் (முதன்மைக் கிளைமை ஒட்டி, அதை மேலும் குறுக்கி எழுதுபவை) இந்தக் குறுகிய வரம்புகளைப் படிப்படியாக எழுதி வையுங்கள். 2015இல் எஸ்கேபி ஷட்டர்ஸ் வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், முதன்மைக் கிளைம் விழுந்தால் சார்பு கிளைம்களும் கூடவே விழும் என்றது. 2019இல் மெர்க் – ஹோவிட் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையிலிருந்து விலகியது. இப்போது ஒவ்வொரு சார்பு கிளைமும் தன் காலில் நிற்க வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, பயன்பாட்டுப் புத்தாக்கமாக (காப்புரிமைக்குப் பதிலாகத் தரப்படும் எளிய பாதுகாப்பு) மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்வென்டிவ் ஸ்டெப் தேவையில்லை, புதியதாக இருந்தால் போதும். காலம் பத்து ஆண்டு. பயன்பாட்டில் இருந்தால் ஐந்து ஐந்தாக இருமுறை நீட்டிக்கலாம். மேலே சொன்ன சோதனையில் பழைய லென்ஸ் உங்கள் வரம்புக்குள் வந்து நின்றுவிட்டால் யோசிக்க வேண்டிய வழிதான். ஆனால் மாற்றக் கோருவதற்குக் காலக்கெடு உண்டு, பரிசோதகர் அறிக்கை வந்த தேதியிலிருந்து அது ஓடுகிறது. ஆகவே கணக்கை இந்த வாரமே ஓட்டிப் பாருங்கள்.