அப்பாவின் கைப்பயிற்சிக்கு வீடியோ கேம் உதவுமா?

முதியோர் நலம்: வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது கை இன்னும் முழுமையாகத் தேறவில்லை. சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தார். இப்போது, "பத்து தரம் கையைத் தூக்கி என்ன கண்டேன்?" என்று உட்கார்ந்துவிடுகிறார். கையில் ரிமோட்டைப் பிடித்து அசைத்து டிவி திரையில் ஆடும் என் மகனுடைய பழைய நிண்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவி பரணில் கிடக்கிறது. அதில் பந்து உருட்டும் விளையாட்டு இருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்கலாமா? பயிற்சிக்கு அது ஈடாகுமா?
(வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: கொடுக்கலாம், ஆனால் ஈடாகாது. பக்கவாதத்தில் பாதிக்கப்பட்ட கை தேறுவதற்கு ஒரே அசைவைப் பல நூறு முறை செய்தாக வேண்டும். மூளை பழைய வழி அடைபட்டபின் புது வழி பழகுவது அப்படித்தான். அந்தப் பல நூறு முறைதான் மனிதனுக்கு அலுப்பூட்டுகிறது. உங்கள் தந்தையின் கேள்வியில் எந்தத் தவறும் இல்லை. சுவரைப் பார்த்தபடி கையைத் தூக்கினால் யாருக்குத்தான் பலன் கண்ணில் படும்?

எங்கள் மையத்துக்கு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஊரில் 'சொல்தா' என்போமே, அவர்களில் ஒருவர். பயிற்சி என்றால் எட்டாவது எண்ணிக்கையிலேயே கையைக் கீழே போட்டுவிடுவார். திரையில் பந்து உருட்டும் விளையாட்டைக் காட்டியதும், மாலை நேரத்தில் பெத்தாங்க் என்ற இரும்புக் குண்டு எறியும் பிரெஞ்சு விளையாட்டை ஆடிய பழக்கம் அவருக்கு நினைவு வந்துவிட்டது. வேட்டியை மடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் நாற்பது தடவைக்கு மேல் எறிந்தார். ஆனால் அருகில் நின்று பார்த்தபோது, அவருடைய தோள் அசையவேயில்லை. இடுப்பிலிருந்து உடம்பு முழுவதையும் முன்னே சாய்த்து, மணிக்கட்டை மட்டும் சுண்டிக்கொண்டிருந்தார். திரையோ அவரைப் பாராட்டி மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டே போனது. கையில் பிடித்திருக்கும் ரிமோட்டுக்குத் தன்னுடைய வேகமும் சாய்வும்தான் தெரியும். அந்த வேகம் தோளிலிருந்து வந்ததா, இடுப்பிலிருந்து வந்ததா என்பது தெரியாது. பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மார்பைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டியபின்தான் தோள் வேலை செய்யத் தொடங்கியது. மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. அவருக்கு என்மேல் ஒரு வாரம் கோபம்.

ஆய்வுகள் சொல்வதையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பக்கவாத நோயாளிகள் 2,470 பேரை உள்ளடக்கிய 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக இத்தகைய கணினி விளையாட்டுகளைக் கொடுத்தபோது கையின் செயல்திறனில் கூடுதல் பலன் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து, மொத்தப் பயிற்சி நேரம் கூடியபோது பலன் தெரிந்தது. 2016-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. நான்கு நாடுகளைச் சேர்ந்த 141 நோயாளிகளில் ஒரு பிரிவினர் வீ விளையாடினார்கள், மற்றவர்கள் சீட்டு, டோமினோ போன்றவற்றை ஆடினார்கள். இரு பிரிவினரும் தேறினார்கள், இருவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே பரணில் இருக்கும் கருவி பழுதாகியிருந்தாலும் கவலை வேண்டாம். வலது கையால் சோழி உருட்டித் தாயம் ஆடுவதும், பல்லாங்குழியில் முத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதும் விரல்களுக்கு நல்ல வேலை.

ஒரே ஓர் எச்சரிக்கை. பக்கவாதத்துக்குப் பின் தோள் மூட்டு தொய்ந்திருந்தாலோ வலித்தாலோ கையை வீசி ஆடும் விளையாட்டுகள் கூடாது. மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடிய 29 வயது மருத்துவர் ஒருவருக்கே தோள் தசைநாண் வீங்கியதாக 2007-ல் ஒரு மருத்துவ இதழில் செய்தி வந்தது. பதினைந்து நிமிடம் ஆடட்டும், பிறகு ஓய்வு.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததில் இருந்து நடக்கவே பயப்படுகிறார். உறவினர் ஒருவர், வீ கருவியோடு சேர்த்து, ஏறி நின்று ஆடும் பேலன்ஸ் போர்டு என்ற பலகையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அம்மாவை அதில் நிற்கவைக்கலாமா?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கை வைத்த நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, மூன்று மீட்டர் தொலைவில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, இயல்பான நடையில் கோடு வரை போய்த் திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் வாய்ப்பு கூடுதல் என்று பொருள். அப்படியானால் இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை பலகை கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

அந்தப் பலகையின் நான்கு மூலைகளிலும் எடையை உணரும் கருவிகள் உள்ளன. எந்தக் காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதைத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். விழுந்து எழுந்தவர்கள் தம்மை அறியாமலே வலியில்லாத காலில் சாய்ந்து நிற்பார்கள். 'நேராக நில்லுங்கள்' என்று நாம் நூறு முறை சொல்வதைவிட, அந்தப் புள்ளி ஓரம் போவதைத் தாமே ஒருமுறை பார்ப்பது அவர்களுக்கு உடனே புரியும். இது உண்மையிலேயே பயனுள்ள கருவி.

ஆபத்து ஆடும்போது இருப்பதைவிட, இறங்கும்போதுதான் அதிகம். பலகை தரையிலிருந்து 5 செ.மீ. அளவுதான் உயரம், ஆனால் கண் திரையில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் பின்பக்கமாகக் கால் வைப்பார்கள். ஆகவே வாக்கரைப் பலகையின் முன்னால், கைக்கு எட்டும்படி நிறுத்துங்கள். நீங்கள் அம்மாவின் பலவீனமான பக்கத்தில், ஓரடி பின்தள்ளி நில்லுங்கள். எதிரே நின்று கைதட்டும் பேரப்பிள்ளையால் விழுபவரைப் பிடிக்க முடியாது. மொசைக் தரையில் ஈரம் இருக்கக் கூடாது. சேலையின் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகச் சொல்லுங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: கண்ணில் மாட்டிக்கொண்டு வீடியோ கேம் ஆடும் புதிய வகைக் கருவி (வி.ஆர். ஹெட்செட்) வாங்கினால் முதியவர்கள் இன்னும் விரைவாகத் தேறுவார்களா?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: வீட்டில் நின்றபடி பயன்படுத்த நான் பரிந்துரைப்பதில்லை. அது கண்ணை முழுவதும் மறைத்துவிடும்; தடுமாறும் வயதில் தன் காலும் தரையும் தெரியாமல் நிற்பது விபரீதம். மருத்துவமனையில், உட்காரவைத்து, பக்கத்தில் ஆள் இருந்து கொடுப்பது வேறு. வீட்டுக்கு என்றால், அந்தப் பணத்தில் முதலில் குளியலறையிலும் கழிவறையிலும் சுவரில் பிடிகம்பி அடித்துவிடுங்கள்.