பத்துப் பதினைந்து மெஷின் உள்ள இடத்தில் யூசர் (ஆள்), ஹோஸ்ட் (மெஷின்) குரூப் பிரித்து அனுமதி கொடுப்பது அவசியமா?

அவசியம். நீங்களும் என்னைப் போல ஒரு சின்ன கம்பெனியில் தனியாளாக சர்வரைப் பார்த்துக்கொள்பவர் என்று நினைக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் 14 மெஷினும் ஒரு லினக்ஸ் சர்வரும் என் பொறுப்பு.

போன சீசனில் எடைமேடை மெஷின்களுக்கு ஒன்று, ஆபரேட்டர்களுக்கு ஒன்று என்று இரண்டு நெட்குரூப் (ஆட்களையோ மெஷின்களையோ ஒரே பெயரில் சேர்க்கும் பட்டியல்) எழுதினேன். ஒவ்வொரு பதிவிலும் அடைப்புக்குறிக்குள் மூன்று இடம் வரும்: ஹோஸ்ட், யூசர், டொமைன். மெஷின் குரூப்பில் யூசர் இடத்தைக் காலியாக விட்டேன். காலி என்றால் யாரும் இல்லை என்று நினைத்தது தப்பு. யாராக இருந்தாலும் சரி என்றுதான் அதற்கு அர்த்தம். யாரும் கூடாது என்றால் ஒரு ஹைபன் போட வேண்டும். இரண்டு குரூப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். யார் எங்கிருந்து சர்வருக்குள் வரலாம் என்று சொல்லும் ஆக்சஸ் ஃபைலில் (access.conf) யூசர் வரவேண்டிய இடத்தில் மெஷின் குரூப்பை எழுதிவிட்டேன். சர்வரில் ஐடி உள்ள எல்லோருக்கும் வழி திறந்துவிட்டது.

மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் பர்கூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வியர்வையில் நனைந்து நாலாக மடிந்திருந்த எடைச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். "தம்பி, சீட்டுல ஒண்ணு இருக்கு, பில்லுல வேற இருக்கு." 180 கிலோ குறைவு. லாக் பார்த்தால், சீசனுக்கு மட்டும் வந்த கணக்குப் பிரிவுப் பையன் வேறொரு வண்டியின் காலி எடையை இவர் பதிவில் ஏற்றியிருக்கிறான். வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் அந்த சர்வருக்குள் அவன் வந்திருக்கவே கூடாது.

பெரியவருக்கு அன்றைக்கே பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஆலை கேட்டுக்கு வெளியே நாள் முழுக்க வெயிலில் நின்று காய் வாடுகிறதே, அந்த எடையை யார் கொடுப்பது? எங்கள் வீட்டிலும் மாந்தோப்பு இருக்கிறது. அப்பா அந்த வரிசையில் நின்று வந்தவர். இதைச் சொன்னால் ஆபீசில் "அது உன் வேலையில்லை" என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்டேப் (யூசர், குரூப் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் முறை) வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வையுங்கள், ஆனால் நெட்குரூப்பை அங்கே வைத்தாலும் இதே மூன்று இடம்தான், காலிக்கு அதே அர்த்தம்தான். மெஷின் குரூப்பில் யூசர் இடத்திலும், யூசர் குரூப்பில் ஹோஸ்ட் இடத்திலும் ஹைபன் போடுங்கள். பெயரிலேயே இது மெஷின், இது ஆள் என்று தெரியட்டும். ஆக்சஸ் ஃபைலில் முதலில் பொருந்தும் வரிதான் செல்லும்; எதுவுமே பொருந்தாவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். அதனால் கடைசி வரியில் எல்லோருக்கும் எங்கிருந்தும் தடை போடுங்கள். அந்த வரிக்கு மேலே ரூட்டுக்கும் (முழு அதிகாரம் உள்ள ஐடி) உங்கள் ஐடிக்கும் அனுமதி வரி இருக்கிறதா என்று பாருங்கள். சேவ் செய்த பிறகு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொரு மெஷினில் உட்கார்ந்து அனுமதி இல்லாத ஒரு ஐடியால் நுழைந்து பாருங்கள்.