சிவில் வழக்கு விசாரணைக்கு வருகிறது; எதிலிருந்து தயாராவது?

நீதிமன்றம் வகுத்த எழுவினாக்களிலிருந்து, அதாவது வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளிலிருந்து, தொடங்குங்கள். பிராதும் (வாதியின் வழக்கு மனு) எதிர்வழக்குரையும் (பிரதிவாதியின் பதில்) எவ்வளவு நீளமாக இருந்தாலும், தீர்ப்பு அந்தச் சில கேள்விகளுக்கான பதில்தான். ஒரு தாளில் மூன்று பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள்: எழுவினா, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கான ஆவணம் அல்லது சாட்சி. உங்கள் பொறுப்பில் உள்ள வரிசையில் மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் வழக்கின் ஓட்டை அதுதான். இப்போதே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஆவணங்களில் அசலைத் தேடி எடுங்கள். அசல் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதை முதலில் நிறுவ வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டு நகலை மட்டும் நீட்டினால் ஆட்சேபணை வரும். ஒவ்வொரு ஆவணத்தையும் யார் மூலம் நிரூபிப்பது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தி ஆதாரமாக இருந்தால் படம் பிடித்தது போதும் என்று அசல் உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஆவணக் கட்டின் எல்லாப் பிரதிகளிலும் பக்க எண்கள் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பலரும் சறுக்குவது குறுக்கு விசாரணையில்தான். சாட்சி தன் பழைய வாக்குமூலத்தை முந்தைய நாள் முழுதாகப் படிக்க வேண்டும், ஆனால் பதில்களை மனப்பாடம் செய்யக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில் போதும். ஞாபகம் இல்லாத தேதியை ஊகித்துச் சொன்னால் அது ஆவணத்தோடு முரண்படும். பிறகு சாட்சி சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். "நினைவில்லை" என்பது, அது உண்மையாக இருக்கும்வரை, நல்ல பதில்.