429 வெள்ளி குக்கர் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். சிங்கப்பூரில் துவாஸில் வேலை, சம்பளம் 3,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் நண்பருடன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் அறைக்கு வந்து சேர இரவு எட்டரை ஆகிவிடும். ஊருக்குப் பணம், வாடகை எல்லாம் போக, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 760 வெள்ளி போகிறது. கையில் எதுவும் நிற்பதில்லை. பிரஷர் குக்கர், ஏர் ஃபிரையர் எல்லாம் ஒன்றாக இருக்கும் மல்டி குக்கர் ஒன்று 429 வெள்ளிக்கு வருகிறது. கார்டில் 12 மாதம் வட்டியில்லாத் தவணை. அறை நண்பர் பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்கார ஆன்ட்டி ‘லைட் குக்கிங் மட்டும்’ என்று சொல்லியிருக்கிறார். அம்மாவோ ஊரிலிருந்து மிக்சி கொடுத்தனுப்புகிறேன் என்கிறார். மூன்று வேளையும் சமைத்தால் மாதம் 400 வெள்ளி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரியா?

பதில்: தம்பி, 400 மிச்சமாகாது. 130 ஆகும். அதற்கும் 429 வெள்ளி குக்கர் தேவையில்லை, 35 வெள்ளிக்கு ஒரு சின்ன ரைஸ் குக்கர் போதும்.

போன மாத கார்டு விவரங்களையும் பேநவ் (கைபேசிவழி பணம் அனுப்பும் சேவை) விவரங்களையும் கேட்டேன், மறைக்காமல் அனுப்பிவிட்டீர்கள். அதற்கே பாதி மதிப்பெண் தரலாம். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். காலைப் பசியாறலும் டீயும் 177 வெள்ளி. வேலை நாளில் மதியச் சாப்பாடு, 26 நாளைக்கு ஆறு ஆறு வெள்ளியாக 156. ஞாயிறுதோறும் நண்பர்களோடு சிராங்கூன் ரோட்டில் சாப்பிட்டது 120. பன்னிரண்டு இரவுகள் புளோக் அடியில் காப்பிக் கடையில் சாப்பிட்டது 90. மீதி 217 வெள்ளி எங்கே போனது? பதினான்கு இரவுகள் கைபேசியில் ஆர்டர் போட்டு வரவழைத்த சாப்பாடு. ஒரு தடவைக்குப் பதினைந்தரை வெள்ளி.

அந்தப் பதினைந்தரை வெள்ளிச் சாப்பாடு ஒன்றும் விருந்தில்லை. கடைக்கு நேரே போனால் எட்டு, ஒன்பது வெள்ளிக்குக் கிடைக்கும் அதே பிரியாணிதான். செயலியில் விலை கொஞ்சம் கூட, அதற்கு மேல் கொண்டுவரும் கட்டணம், தளக் கட்டணம், ஆர்டர் சிறிதாக இருந்தால் அதற்கும் ஒரு கட்டணம். பசிக்கு எட்டு, சோம்பலுக்கு ஏழரை. சோம்பல் என்று சொன்னது தப்பு, அது அசதி. துவாஸிலிருந்து ஈசூன் வரை பஸ்ஸில் ஆடிக்கொண்டே வருகிறவருக்குப் புத்தி சொல்ல நான் யார்?

ஆனால் உங்கள் கணக்கு எங்கே தடம் மாறியது என்று பாருங்கள். எல்லா வேளைச் சாப்பாட்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். சிங்கப்பூரில் தனி ஆள் சமைத்து மிச்சம் பிடிப்பது, சொல்கிற அளவுக்கு லேசில்லை. உணவங்காடி நிலையத்தில் ஐந்து வெள்ளியைச் சுற்றி ஒரு முழுச் சாப்பாடு கிடைக்கும் ஊர் இது. ஐம்பது பேருக்குச் சேர்த்துச் சமைக்கிறவரோடு ஒரு ஆளுக்குச் சமைக்கிறவர் போட்டி போட முடியாது. நீங்கள் அரைக் கட்டுக் கீரையை எடுத்துவிட்டு மீதி அரைக் கட்டைக் குளிர்பதனப் பெட்டியில் அழுகவிடுவீர்கள். அவர் அழுகவிட மாட்டார்.

எனவே மதியச் சாப்பாட்டை விடுங்கள். விடிகாலையில் எழுந்து சமைத்துக் கட்டிக்கொண்டு போனால் ஒரு வேளைக்கு மூன்றரை வெள்ளி மிச்சம். 26 நாளும் செய்தால் 91. கேட்க நன்றாக இருக்கும், இரண்டாவது வாரமே நின்றுபோகும். செயலியில் ஆர்டர் போடுகிற இரவுகளில் பத்தை மட்டும் பிடியுங்கள். வீட்டில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டரை வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு இரவும் 13 வெள்ளி. பத்து இரவுக்கு 130. இருபத்தாறு சமையலில் வருவதைவிடப் பத்துச் சமையலில் அதிகம் வருகிறது. மீதி நான்கு இரவு ஆர்டர் போட்டுக்கொள்ளுங்கள், நான் கண்டுகொள்ள மாட்டேன்.

அந்த இரண்டரை வெள்ளி எப்படி வந்தது? சென்ற வாரம் என் சமையலறையிலேயே பார்த்தேன். அரைக் கப் பொன்னி அரிசி, கால் கப் பாசிப்பருப்பு, ஒரு தக்காளி, ஆறேழு சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், பெருங்காயம், உப்பு. தண்ணீர் இரண்டரைக் கப், குழைய வேண்டுமானால் இன்னும் அரைக் கப். எல்லாவற்றையும் ரைஸ் குக்கரில் கொட்டி சுவிட்சைத் தட்டினேன். ஆவித்தட்டில் ஒரு முட்டையும் நாலு துண்டு கேரட்டும். அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. சுவிட்ச் ‘டக்’கென்று விழுந்த பிறகும் பத்து நிமிடம் திறக்காமல் விட்டால்தான் அரிசியும் பருப்பும் ஒன்றோடொன்று சேர்கின்றன. மேலே ஒரு கரண்டி நெய். தேக்கா சந்தையில் வாங்கிய விலைக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் வெள்ளி ஆனது. ஊறுகாய், அப்பளம், வீணாகப் போகும் காய்கறி எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் வெள்ளி தாராளமாகவே போட்டிருக்கிறேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரிசியையும் பருப்பையும் காலையில் கிளம்பும்போதே அளந்து பாத்திரத்தில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், இந்த ஊர் வெக்கையில் பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் புளித்துவிடும். இரவு வந்ததும் கழுவி, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போங்கள். குளித்து, அம்மாவிடம் பேசி முடிப்பதற்குள் சாப்பாடு தயார். ஆர்டர் போட்டாலும் அதே முக்கால் மணி நேரம்தான். பஸ்ஸில் இருக்கும்போதே கை செயலியைத் தேடும் பாருங்கள், அந்த நேரத்தில் அறையில் பாதி வேலை முடிந்திருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். அதற்காகத்தான் காலையில் அளந்து வைக்கச் சொல்கிறேன். வெறும் குக்கர் அந்த வேலையைச் செய்யாது, அது எவ்வளவு விலை போட்டு வாங்கியதாக இருந்தாலும்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். தோஷிபா 1955-இல் ஜப்பானில் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் சாதா ரைஸ் குக்கரில் இருப்பது ஒரே ஒரு சுவிட்சுதான். கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? ஒரு இரவுக்கு 13 வெள்ளி என்றால் மூன்றே சமையலில் 35 வெள்ளி திரும்பிவிடும். 429 வெள்ளி திரும்ப 33 சமையல் வேண்டும், அதாவது மூன்று மாதத்துக்கும் மேல். அதுவும் நீங்கள் ஒரு இரவும் தவறாமல் சமைத்தால்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு மல்டி குக்கர் இருந்தது. பதினான்கு பொத்தான்கள், நாங்கள் அமுக்கியது இரண்டு. ஓர் ஆண்டு உத்தரவாதம் முடிந்த இரண்டாவது மாதம் உள்பாத்திரத்தின் பூச்சு உரியத் தொடங்கியது. வாங்கிய கடையில் கேட்டால் பாத்திரம் மட்டும் தனியாக வரவழைக்க வேண்டும், புது குக்கர் விலையில் ஏறக்குறைய பாதி ஆகும் என்றார்கள். இப்போது அது அலமாரிக்கு மேல் இருக்கிறது, மனைவி அதற்குள் பழைய பில்களைப் போட்டு வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட சாதனம் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், உள்பாத்திரமும் மூடியின் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வட்டியில்லாத் தவணை பற்றி ஒரு வார்த்தை. மாதம் 35 வெள்ளி 75 காசு வரும். கவனித்தீர்களா? ஒரு மாதத் தவணைப் பணத்துக்கே ரைஸ் குக்கர் வந்துவிடுகிறது, கடனும் இல்லை. தவணைக்கு வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மாத கார்டு பில்லை ஒரு தடவை மறந்தால் பல வங்கிகளில் தாமதக் கட்டணம் 100 வெள்ளி, பாக்கிக்கு ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல் வட்டி. கையில் எதுவும் நிற்காதவர் ஓராண்டு முழுக்க மறக்காமல் கட்ட வேண்டிய ஒன்றை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

நண்பர் பாதி தருகிறார் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவர் வேறு அறைக்குப் போனால் குக்கர் யாருடன் போகும்? அரிசி, பருப்பு, காய்கறியைப் பங்கு போடுங்கள், இரண்டு பேருக்குச் சமைத்தால் அந்தக் கீரைக் கட்டும் வீணாகாது. சாமான் ஒருவருடையதாகவே இருக்கட்டும்.

அப்புறம், வீட்டுக்கார ஆன்ட்டி. ‘லைட் குக்கிங்’ என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அர்த்தம். சில வீடுகளில் மேகி, சில வீடுகளில் சோறு வரை. முதலில் அவரிடம் போய், ரைஸ் குக்கரில் சோறும் பருப்பும் மட்டும், சமையலறையில்தான் வைப்பேன், எண்ணெயில் பொரிக்க மாட்டேன், தாளிக்க மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். அவர் சரி என்றதும் அதையே வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி வையுங்கள், பின்னால் தகராறு வராது. பியூபி பில் (மின்சார, தண்ணீர் பில்) ஏறும் என்று தயங்கினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: 500 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் கால் யூனிட். யூனிட் ஏறக்குறைய 30 காசு என்று வைத்தால் ஏழெட்டுக் காசு. பத்து இரவுக்கு ஒரு வெள்ளி கூட ஆகாது. மின்கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், ஆனாலும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடாது. 1,500 வாட் ஏர் ஃபிரையரை இருபது நிமிடம் ஓட்டினாலும் அரை யூனிட்தான். பெரும்பாலான ஆன்ட்டிகளின் பயம் மின்சாரமில்லை, வாசம். தாளிப்பை விட்டுக்கொடுத்தால் மற்றது தானாகச் சரியாகும். நெய் இருக்கிறதே.

ரைஸ் குக்கர் வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இங்கே விற்கப்படும் ரைஸ் குக்கருக்கு அது கட்டாயம். இணையத்தில் பத்து வெள்ளி குறைவாக வருகிறதே என்று முத்திரை இல்லாததை வாங்க வேண்டாம். நம் வீட்டுச் சுவர் பிளக் 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் குக்கரையும் கெட்டிலையும் ஒன்றாகச் செருகாதீர்கள். வாடகை வீட்டில் ஏதாவது கருகினால் 130 வெள்ளிக் கணக்கெல்லாம் ஒரே நாளில் அடிபட்டுப் போகும்.

மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் என் தொழில். சமைத்து மிச்சப்படுத்திய பணம் கணக்கில் சும்மா கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் கரைந்துவிடும். சம்பளம் விழும் அன்றே 120 வெள்ளி வேறொரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிடுங்கள். ஐந்து மாதத்தில் 600 சேரும். அதில் 500-க்கு அரசாங்கத்தின் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் வாங்கலாம், குறைந்தபட்சத் தொகையே அவ்வளவுதான். வெளிநாட்டவரும் வாங்கலாம், மூன்று உள்ளூர் வங்கிகளில் ஒன்றில் கணக்கும், பத்திரங்களை வைத்திருக்கும் சிடிபி கணக்கும் வேண்டும். விண்ணப்பத்துக்கு 2 வெள்ளி கட்டணம். அவசரம் என்றால் எந்த மாதமும் அபராதம் இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஊரில் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வருகிறவர்களுக்கு அந்த வசதி முக்கியம்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். முப்பது இரவு உண்மையிலேயே சமைத்திருந்தால், ஏர் ஃபிரையர் ஒன்றை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்வேன், அதுவும் சின்னதாக. இருபதைத் தாண்டவில்லை என்றால் ரைஸ் குக்கர் போதும், வருத்தப்பட ஒன்றுமில்லை.

அம்மாவிடம் மிக்சி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த உருண்டைப் பின் இங்கே உள்ள பிளக்கில் நுழையாது. பருப்புப் பொடி அரைத்துக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், அரைக் கிலோ.