போதைப்பொருள் வழக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர் நான். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பற்றிக் கேளுங்கள். யாருடைய பெயரும் வழக்கு எண்ணும் எழுத வேண்டாம்.

ஒரு தாய்: என் மகன் பையில் 1.2 கிலோ கஞ்சா இருந்ததாம். எத்தனை வருஷம் போடுவார்கள் சார்?

அம்மா, எல்லாம் எடையைப் பொறுத்தது. கஞ்சா 1 கிலோவுக்குள் என்றால் சிறிய அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. உங்கள் மகன் நடுவில் இருக்கிறார். 10 ஆண்டு வரை போடலாம் என்கிறது சட்டம். ஆனால் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை.

வழக்கே அந்த 200 கிராமில்தான் நிற்கிறது. பொட்டலத்தோடு எடை போட்டார்களா? சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனி; அது சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்பு மாதிரி எடுத்தார்களா? மகஜர் (பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவு) நகலை வாங்கி இந்த மூன்றையும் உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள். 37ஆம் பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனைகள் இந்த அளவுக்குப் பொருந்தாது, அதனால் தாமதிக்காமல் ஜாமீன் மனு போடுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும்.

ஒன்று மட்டும்: "ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதுவும் தண்டனைதான். அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் மறுபடி சிக்கினால் ஒன்றரை மடங்கு வரை ஏறும்.

மாணவர்: எத்தனை கிராம் வரை வைத்திருக்கலாம்?

ஒரு கிராம்கூடக் கூடாது. 'சிறிய அளவு' என்றால் தண்டனை குறைவு, அவ்வளவுதான். அனுமதி இல்லை.

பெயர் வேண்டாம்: 300 கிராம் பொடி, அதில் ஹெராயின் கொஞ்சம்தான். கலப்படத்தைக் கழிப்பார்களா?

கழிக்க மாட்டார்கள். ஹீரா சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் மொத்தக் கலவையின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்றது. ஹெராயினுக்கு 5 கிராம் சிறிய அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. நல்ல வக்கீலை இன்றே பாருங்கள்.

சட்டக் கல்லூரி மாணவி: கெசட்டட் (அரசிதழ் பதிவு பெற்ற) அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதனை கேட்கலாம் என்ற 50ஆம் பிரிவு உரிமையை, பையைச் சோதிக்கும் முன் சொல்லவில்லை. வழக்கு விழுந்துவிடும்தானே?

விழாது. உடலைச் சோதிப்பதற்கு மட்டும்தான் 50ஆம் பிரிவு. கையில் வைத்திருக்கும் பை உடல் ஆகாது என்று பவன் குமார் வழக்கில் 2005இலேயே சொல்லிவிட்டார்கள். 2023இல் அதையே உறுதி செய்தார்கள்.

ஓய்வு பெற்ற ஆய்வாளர்: உண்மையிலேயே சரக்கோடு பிடித்தாலும், தாளில் ஒரு வரி விடுபட்டால் விடுதலை வாங்கிவிடுகிறீர்கள். இது நியாயமா வக்கீல் சார்?

நியாயம்தான் ஐயா. இந்தச் சட்டத்தின் 35, 54ஆம் பிரிவுகள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான அனுமானத்திலிருந்து தொடங்குகின்றன. அடிப்படையை அரசுத்தரப்பு நிரூபித்துவிட்டால், தனக்குத் தெரியாது என்பதை அவர்தான் காட்ட வேண்டும். பத்தாண்டுச் சிறை காத்திருக்கிற இடத்தில் அவருக்கு மிஞ்சும் காப்பு, நடைமுறை ஒன்றுதான். கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதனை கேட்கலாம் என்று அவரிடம் சொல்வதற்கு அரை நிமிடம் ஆகுமா?

ஆய்வாளர்: நாங்கள் சொல்லத்தான் செய்கிறோம். 'எங்கள் அதிகாரி முன்பே சோதிக்கலாமா' என்றும் கேட்கிறோம்.

அங்கேதான் தவறுகிறீர்கள். அந்த மூன்றாவது வாய்ப்பைச் சட்டம் தரவில்லை. பரமானந்த் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் குறை என்றது. இருவரைப் பிடித்தால் இருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. சரியாகச் செய்த சோதனையை நான் உடைக்க முடியாது ஐயா.

வேறொருவர்: கஞ்சா எவ்வளவு வரை பிரச்சினை இல்லை?

மேலே பதில் இருக்கிறது.

ஒருவர்: அதிகாரியிடம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கலங்காதீர்கள். 67ஆம் பிரிவு வாக்குமூலம் ஒப்புதல் சாட்சியம் ஆகாது என்று தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020இல் தீர்ப்பாகிவிட்டது. இனி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓர் அக்கா: தம்பி அடிமையாகிவிட்டான். சிகிச்சைக்குச் சேர்த்தால் பிடித்துவிடுவார்களோ?

பயப்படாமல் சேருங்கள். 64ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. பயன்படுத்திய குற்றமோ சிறிய அளவுக் குற்றமோ சாட்டப்பட்டிருந்தாலும், அடிமையானவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டால் பாதுகாப்பு போய்விடலாம்; கூடவே இருங்கள். அவனை "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு" என்று யாரும் தள்ளவும் விடாதீர்கள்.

ஒருவர்: மலேசியாவில் பிடிபட்டால்?

எனக்குத் தெரிந்தது இந்தியச் சட்டம். அங்குள்ள வக்கீலையும் நம் தூதரகத்தையும் அணுகுங்கள்.

இன்னொருவர்: வணிக அளவு, ஐந்து மாதமாகக் குற்றப்பத்திரிகை இல்லை.

180 நாள் கெடு. அரசு வக்கீல் அறிக்கை கொடுத்து நீதிமன்றம் நீட்டிக்காத வரை, அதற்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் கேட்பதற்குள் அவர்கள் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து எண்ணி, 181ஆம் நாள் காலை நீதிமன்றம் திறக்கும்போது மனு கையில் இருக்கட்டும்.