உலகச் சாதனைப் பூசணியின் விதைக்கு 120 டொலர் கொடுக்கலாமா?

கேள்வி: ஒன்ராறியோவில், வீட்டின் பின்புறம் இருபது அடிக்கு இருபது அடி நிலத்தில் இராட்சதப் பூசணி வளர்க்க முயல்கிறேன். சென்ற ஆண்டு இணையத்தில் ‘சாதனை விதை’ என்று ஒன்றை 40 டொலருக்கு வாங்கி நட்டேன். காய் 85 கிலோவோடு நின்றுவிட்டது. இப்போது அதே விற்பனையாளர், 2025இல் இங்கிலாந்தில் உலகச் சாதனை படைத்த காயின் விதை தன்னிடம் இருப்பதாகவும், ஒரு விதை 120 டொலர் என்றும், சான்றிதழும் உண்டென்றும் எழுதியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அது போலியாக இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். உண்மையான விதையாகவே இருந்தாலும் உங்கள் தோட்டத்தில் அது அந்த விலை பெறாது என்பது அதைவிட முக்கியமான காரணம்.

அவர் சொல்லும் காயை இங்கிலாந்தின் லிமிங்டன் ஊரில் பேட்டன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் வளர்த்தார்கள். 2025 ஒக்டோபரில் எடைபோட்டபோது அது 2,819 இறாத்தலுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 1,279 கிலோ இருந்தது. அவர்கள் அரை நூற்றாண்டாக இதே முயற்சியில் இருப்பவர்கள். அந்தக் கொடியையும் பசுமைக்குடிலுக்குள் வைத்தே வளர்த்தார்கள். மண்ணுக்கும், வெப்பத்துக்கும், நீருக்கும், அன்றாடம் கொடியருகே நின்ற கண்களுக்கும் அந்த எடையில் பங்கு உண்டு. விற்பவரோ முழு எடையையும் விதையின் கணக்கில் எழுதி விலை சொல்கிறார்.

இராட்சதப் பூசணி வளர்ப்போர் விதைக்குப் பெயர் வைக்கும் முறையே தரகர்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது. விதை எந்தக் காயிலிருந்து வந்ததோ அதன் எடை, வளர்த்தவரின் குடும்பப் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்து அதை அழைக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் ரோன் வாலஸ் முதன்முதலாக 2,000 இறாத்தலைத் தாண்டினார். 2,009 இறாத்தல் இருந்த அந்தக் காயின் விதைகள் ‘2009 வாலஸ் 2012’ ஆயின. இந்தப் பெயரில் பெரிதாகத் தெரியும் எண் தாய்க் காயின் எடை. காயின் தோலும் சதையும் தாய்க்கொடிக்கு உரியவை. உள்ளே இருக்கும் விதையில் பாதி, மகரந்தம் கொடுத்த ஆண் பூவிலிருந்து வருவது. அந்த ஆண் பூ எந்தக் கொடியில் பூத்தது என்பதைத் தனியாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கவனமான விவசாயி பெண் பூ விரிவதற்கு முதல் நாள் மாலையே அதை மூடிக் கட்டிவிடுவார். விடிந்ததும் தான் தெரிந்தெடுத்த ஆண் பூவின் இதழ்களைக் களைந்து, அதன் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள மடல்கள் ஒவ்வொன்றிலும் தடவி, தேனீ நுழையாதபடி மறுபடியும் கட்டுவார். அப்படிச் செய்யாத காயில் தகப்பன் யாரென்று எவருக்கும் தெரியாது. தகப்பன் தெரிந்தாலும், ஒரே காயின் நூற்றுக்கணக்கான விதைகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகவே முளைக்கும்.

சென்ற ஆண்டு நீங்கள் பெற்ற 85 கிலோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோவா ஸ்கோசியாவின் வின்ட்சரைச் சேர்ந்த ஹவர்ட் டில் பல ஆண்டுகள் தெரிவு செய்து உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்னும் இனத்திலிருந்தே இன்று போட்டிக்கு வரும் ஏறக்குறைய எல்லா இராட்சதக் காய்களும் வந்தன. அவரே 1981இல் 493.5 இறாத்தல் காயோடு உலகச் சாதனை படைத்தார். அதே பெயரில் தோட்டக்கடைகளில் சில டொலர்களுக்குப் பொட்டலம் கிடைக்கிறது. அதை நட்டுச் சுமாராகப் பராமரித்தால் வரக்கூடிய காயைத்தான் நீங்கள் பெற்றிருக்கிறீர்கள். கடைப் பொட்டலத்தைப் பிரித்து, விதைகளைத் தனித்தனி உறையில் இட்டு, ஒரு பெயரும் எண்ணும் எழுதி விற்பது மிகச் சுலபமான வியாபாரம். உங்களுக்கு வந்தது அப்படிப்பட்ட விதை என்று நான் நிரூபிக்க முடியாது. விற்றவராலும் அது வேறு விதை என்று நிரூபிக்க முடியாது.

சான்றிதழ் என்கிறாரே, அது யார் கொடுத்தது என்று கேளுங்கள். உலகச் சாதனைகளைப் பதியும் கிரேட் பம்ப்கின் கொமன்வெல்த் என்னும் அமைப்பு காய்க்குத்தான் எடை பதிகிறது; தனியார் விற்கும் விதைக்கு அது முத்திரை குத்துவதில்லை. எடைமேடையில் மண், கயிறு, துணி, அடைப்புப் பசை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, காம்போடு சேர்ந்த கொடித்துண்டு இவ்வளவு நீளம்தான் இருக்கலாம் என்று அத்தனை கடுமையாகக் காயைச் சோதிக்கிறார்கள். அந்தக் காயின் பெயரால் அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பணம் கைமாறும் விதை உறையை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவ்வளவு காலமும் இதைச் சரிசெய்யாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அச்சிட்ட காகிதத்தைச் சான்றிதழ் என்று நம்பி ஏமாறுபவர்கள் எல்லோரும் உங்களைப் போன்ற புதியவர்கள்தான்.

விதைக்காகப் பணம் செலவிடத் தகுந்த ஓர் இடம் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதே இல்லை. போட்டி விதிப்படி காயில் அழுகலோ, உட்குழி வரை போகும் வெடிப்போ துளையோ இருந்தால் அது பரிசுக்கும் சாதனைக்கும் தகுதி இழக்கும். 2021இல் விஸ்கொன்சினில் 2,520 இறாத்தல் எடையுள்ள காய் ஒன்று நகமளவு வெடிப்புக்காக இப்படித் தள்ளப்பட்டது. தள்ளப்பட்ட காயின் பெயரோடு ‘சேதமுற்றது’ என்ற குறி சேர்ந்துவிடுகிறது. அந்தக் குறியைக் கண்டதும் சாதனையைத் துரத்துபவர்கள் விலகிப் போகிறார்கள், விலையும் இறங்கிவிடுகிறது. ஆனால், ஒரே நாளில் இருபது கிலோ வரை ஏறும் காய், மழைக்குப் பிறகு திடீரென நீர் ஏறியதாலோ, காயின் கீழே இடும் மணல் மெத்தை ஒரு பக்கம் தாழ்ந்ததாலோ வெடித்திருந்தால், அந்த வெடிப்பு விதைக்குள் போவதில்லை. எடையைத் தந்த மரபு அப்படியே இருக்கிறது. வெடிக்கும் இயல்பே சில வம்சங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. ஆகவே அந்தக் காயின் சகோதரக் காய்களும், அதாவது அதே தாய்க் காயின் மற்ற விதைகளில் வளர்ந்தவையும், வெடித்தனவா என்று கேட்க வேண்டும், வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். வெடிப்புக்குப் பின் காய் அழுகி, விதை அந்த அழுகலில் கிடந்திருந்தாலும் வேண்டாம். இந்த இரண்டும் இல்லையென்றால், தள்ளப்பட்ட பெருங்காயின் விதை உங்களைப் போன்றவருக்கு மிக நல்ல விதை.

விதையை மதிப்பிடுவதற்கு நேர்மையான வழி ஒன்றே. அந்த விதையின் தாய் எவ்வளவு கனத்தது என்று கேட்காமல், அதே காயின் மற்ற விதைகளை நட்ட வெவ்வேறு தோட்டக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். 2025 ஒக்டோபரில் வந்த சாதனைக் காயின் விதைகளுக்கு, அவை பல தோட்டங்களில் நடப்பட்டுக் காய்த்து எடைபோடப்படும் வரை அந்தப் பதில் பிறக்காது.

நீங்கள் இருக்கும் மாகாணத்திலேயே இராட்சதக் காய்கறி வளர்ப்போர் சங்கம் இயங்குகிறது; போர்ட் எல்ஜினில் ஆண்டுதோறும் எடைபோடும் விழா நடக்கிறது. 1904இல் 403 இறாத்தல் காயோடு படைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் முறியடிக்காத சாதனையின் சொந்தக்காரர் வில்லியம் வார்னொக், ஒன்ராறியோவின் கோடரிச்சைச் சேர்ந்தவர். இங்குள்ள அனுபவசாலிகள் பலர், முகவரி எழுதிய உறையை முத்திரையோடு அனுப்பினால் விதையை இலவசமாகவே அனுப்புவார்கள். யார் வளர்த்தாரோ அவர் கையிலிருந்தே வாங்குங்கள். இடையில் ஒரு வியாபாரி வேண்டாம். வெளிநாட்டிலிருந்து எவராவது தபாலில் அனுப்புவதாகச் சொன்னால், முதலில் கனடிய உணவுப் பரிசோதனை முகமையிடம் இறக்குமதி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 120 டொலரில் முதலில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மீதியை நன்றாக மக்கிய எருவுக்குச் செலவிடுங்கள். சாதனைக் கொடிகளுக்கு ஆயிரம் சதுர அடியோ அதற்கு மேலோ கொடுக்கிறார்கள். உங்களிடம் நானூறு உண்டு. ஒரே ஒரு கொடியை நட்டு, அதன் கணுக்களை மண்ணால் மூடி வேர்விடச் செய்து, ஒரே ஒரு காயை மட்டும் விட்டால் அந்த இடத்திலேயே சில நூறு கிலோவை எட்டலாம். ஏப்ரல் கடைசியில் விதையின் விளிம்பை, கூர்முனையைத் தொடாமல், உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வீட்டுக்குள் 28 முதல் 30 பாகை வெப்பத்தில் முளைக்க விடுங்கள்.