பிள்ளைக்குத்தானே கோபம், எங்களுக்கு எதற்கு வகுப்பு?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. சின்னப் பேச்சுக்கும் கத்துகிறாள், கையில் கிடைப்பதை எறிகிறாள். இரண்டு தடவை கையைக் கீறிக்கொண்டாள். கணவர் கொழும்பில் வேலை. நான் கொழுந்துக்குப் போனால் அம்மாயிதான் துணை. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வாரம் ஒருநாள் குழு வகுப்புக்கு வரவேண்டும், ஐந்து மாதம் ஆகும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். கோபம் அவளுக்கு, வகுப்பு எங்களுக்குமா? வீட்டுக் கதை தோட்டம் முழுக்கப் பரவாதா?
- தலவாக்கலை வாசகி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டி.பி.டி. (Dialectical Behaviour Therapy) எனப்படும் சிகிச்சையின் இளம்பருவத்தினருக்கான வடிவமாக இருக்கவேண்டும். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் பெரியவர்களுக்காக உருவாக்கியதை, பின்னர் குடும்பத்தோடு செய்யும்படி மாற்றினார்கள். நோர்வேயில் 77 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. 19 வாரம் இதைப் பெற்றவர்கள், வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாகவே தங்களைக் காயப்படுத்திக்கொண்டார்கள்.

பரவும் என்ற பயத்துக்கு முதலில் பதில். அங்கே வீட்டுக் கதையைக் கிளறுவதில்லை. அது பாடம் படிக்கும் வகுப்பு. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் முதல் பாதி போன வார வீட்டுவேலையைப் பார்ப்பது, இடையில் ஒரு தேத்தண்ணி நேரம், பிறகு புதுப் பாடம். கையைக் கீறிய விஷயத்தைக் குழுவில் விவரிக்க விடமாட்டார்கள். அதை மகள் ஆலோசகரோடு தனியாகப் பேசுவாள். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுதான் சேர்கிறார்கள். ஆனாலும் தோட்டம் தோட்டம்தான். உங்கள் டிவிஷனிலிருந்து வேறு குடும்பம் வருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி, நீங்கள் ஏன் போகவேண்டும்? சில பிள்ளைகளுக்கு உணர்ச்சி சட்டென்று மூளும், பலமாக மூளும், தணிய நேரம் பிடிக்கும். அந்தச் சமயத்தில் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று ஒருவர் கேட்டால் இன்னும் ஏறும். ஏறினால் நீங்களும் கத்துவீர்கள். கிளினிக்கில் ஒரு மணித்தியாலம் கற்றது அந்த ஒரு நிமிஷத்தில் போய்விடும். அதனால்தான் ஒரே பாடத்தை இருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பெற்றோருக்குக் கடினமான பாடம், பிள்ளையின் உணர்வை ஏற்றுச் சொல்வது. "பிரெண்ட் பேசாம போனது உனக்கு வலிச்சிருக்கு" என்று சொல்லி நிறுத்தவேண்டும். பின்னால் "ஆனா" வந்தால் முன்னால் சொன்னது அழிந்துவிடும். ஏற்றுச் சொல்வது அவள் செய்ததைச் சரி என்பதல்ல. போனை எறிந்தது பிழைதான், அதை ஆறிய பிறகு பேசலாம்.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது புத்திமதி ஏறாது, உடம்பைத்தான் முதலில் இறக்கவேண்டும். ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர், குனிந்து மூச்சைப் பிடித்து, கண்ணும் கன்னமும் நனைய 15 முதல் 30 செக்கன் முகத்தை வைப்பது. இதயத் துடிப்பு இறங்கும். மார்கழி, தையில் உங்கள் பீலியில் (தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில்) வரும் தண்ணீருக்கு ஐஸே தேவையில்லை. இதய நோய் உள்ளவர்களும் சாப்பிடாமல் மெலிந்துபோன பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. அடுத்தது மூச்சு: 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது, சில நிமிஷம்.

பலர் தவறுவது இங்கேதான். சண்டை நடுவில் "போய் மூஞ்சியைத் தண்ணியில முக்கு" என்றால் அது திட்டு, பயிற்சி அல்ல. அமைதியான நாளில், முதலில் நீங்கள் செய்துகாட்டுங்கள். அடுத்த முறை உங்களுக்குக் கோபம் வரும்போது அவள் பார்க்க நீங்களே பீலிக்குப் போங்கள்.

"தனி அறைக்குப் போய் ஆறட்டும்" என்பது லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பொருந்தாத அறிவுரை. பதிலாக இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) ஒரு மூலையை முன்கூட்டியே பேசிவையுங்கள். அங்கே உட்கார்ந்தால் 20 நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அம்மாயி உட்பட. 20 நிமிஷம் முடிந்ததும் பேச்சைத் தொடரவேண்டும், இல்லாவிட்டால் அது ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும்.

கொழும்பிலிருந்து அப்பா போனைத் தடைசெய்வதும், அவர் பேசி வைத்த உடனே அம்மாயி எடுத்துக் கொடுப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. இறுக்கமும் தளர்வும் மாறிமாறி வந்தால் பிள்ளை எதையும் நம்பாது. மூவரும் பேசி ஒரே விதி வையுங்கள், உதாரணமாக இரவு 9 மணிக்குப் பிறகு போன் அம்மாவிடம்.

வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாத வேலைகள் இரண்டு. மருந்து மாத்திரைகள், மரக்கறித் தோட்டத்துக்கு வைத்திருக்கும் பூச்சிகொல்லி, களைகொல்லி எல்லாவற்றையும் இன்றே பூட்டுங்கள். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று மகளிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் அவளைத் தனியாக விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வகுப்புக்கு அம்மாயியும் வரலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பள்ளி விட்டு மகள் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் அவர்தானே.